அண்ணை சொல்லும் குதிரை

என் வீட்டுக்காரர் தன் வாழ்நாளில் ஒரு குதிரையைத் தொட்டுப் பார்த்ததில்லை. பந்தயத் திடலுக்குள் காலெடுத்து வைத்ததும் இல்லை. ஆனால் இங்கிலாந்தில் ஓடும் குதிரைகளைப் பற்றிப் பேசத் தொடங்கினாரென்றால், மனிதர் லாயத்திலேயே பிறந்து வளர்ந்தவர் என்று கேட்பவர்கள் நினைப்பார்கள். கொழும்புத் துறைமுகத்தில் ஸ்ரோர் கீப்பராக இருந்த காலத்தில் பிடித்த பைத்தியம் அது. அங்கே பந்தயக் கடைகளில், காணாத நாட்டில் காணாத குதிரைகள் ஓடும் ஓட்டத்துக்கு, ஒரு தாளில் பெயர்களை மட்டும் பார்த்துச் சனம் காசு கட்டும். ரொறன்ரோ வந்த பிறகு காசு கட்டும் பழக்கத்தை நான் நிறுத்திவிட்டேன். வாயை நிறுத்த முடியவில்லை.

இங்கிலாந்தில் பின்னேரம் ஓடும் குதிரை எங்களுக்குச் சனிக்கிழமை காலைத் தேநீர் வேளையில் ஓடும். மில்லிக்கனில் எங்கள் வீட்டு பேஸ்மென்றில் அதைப் பார்ப்பதற்கென்று மூன்று பேர் வருவார்கள். ஒருவர் ஒஷாவாவிலிருந்து வருபவர். தொழிற்சாலை ஒன்றில் சுப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்றவர். இன்னொருவர் பிறம்ரனில் லொறி ஓட்டுபவர். மூன்றாமவர் மன்னாரில் கணக்குப் படிப்பித்தவர். மாஸ்டர் என்றே எல்லாரும் கூப்பிடுவார்கள். மூவரும் என் வீட்டுக்காரருக்கு வயதில் இளையவர்கள். அதனால் அவர் அண்ணை, நான் அக்கா. யாருடைய குதிரை ஆகக் கடைசியாக வருகிறதோ, அவர் அடுத்த சனிக்கிழமை எல்லாருக்கும் மட்டன் ரோல்ஸ் வாங்கி வரவேண்டும். பந்தயம் அவ்வளவுதான்.

அவர்கள் பார்ப்பது நீண்டதூரத் தடை ஓட்டம். மூன்று மைல், நான்கு மைல், சுள்ளிகளை நெஞ்சளவு உயரத்துக்கு இறுக்கிக் கட்டி நிறுத்திய தடைகளைத் தாண்டித் தாண்டி ஓடவேண்டும். அதிலும் ஹண்டிகப் என்று ஒரு வகை இருக்கிறது. நன்றாக ஓடிய குதிரையின் சேணத்தில் ஈயத்தகடு வைத்துப் பாரத்தைக் கூட்டுவார்கள். மோசமாக ஓடியதற்குக் குறைப்பார்கள். எல்லாக் குதிரைகளும் ஒன்றாக முடிவுக் கோட்டைத் தாண்டவேண்டும் என்பது பாரம் தீர்மானிக்கிறவரின் ஆசை. ஒருநாளும் அப்படி நடந்ததில்லை. அவருடைய கணக்கு எங்கே பிழைத்திருக்கிறது என்று ஓட்டத்துக்கு முன்னால் கண்டுபிடிப்பதில்தான் வித்தை எல்லாம் இருக்கிறது.

குதிரைகளின் ஆங்கிலப் பெயர்கள் எங்கள் ஆட்களின் வாய்க்குள் நுழையாது. ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டப்பெயர். ஓட்டத்துக்கு முன்னால், முன்னோட்டம் சொல்ல, என் வீட்டுக்காரர் ரீவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழுந்து நிற்பார். "சரி அண்ணை, சொல்லுங்கோ" என்று லொறிக்காரர் தொடக்கிவைப்பார். உடனே மனிதர் ஒவ்வொரு குதிரையாக எடுத்து, எந்தத் தரையில் ஓடும், எந்தத் தூரத்தில் மூச்சு வாங்கும், எந்தத் தடையில் பிழைவிடும் என்று அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து வைப்பார். மூன்று பேரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். கோயில் பிரசங்கத்துக்குக்கூட அந்த மரியாதை கிடைப்பதில்லை.

அவர் சொன்னது அத்தனையும் என்னுடையது. வெள்ளிக்கிழமை பின்னேரம் ரப்லெற்றில் குதிரைப் பட்டியலைத் திறந்து என் கையில் தந்துவிட்டு, "இஞ்சரும், உமக்கு என்ன படுது?" என்று கேட்பார். குதிரைகளின் பழைய ஓட்டக் குறிப்புகளை இருந்து வாசிக்கும் பொறுமை அவருக்கு இல்லை. எனக்கு அது வேலைப் பழக்கம். கார் இன்சூரன்ஸ் கந்தோர் ஒன்றில் பல வருடம் கிளெயிம் பார்த்தவள் நான். 'நான் மெதுவாகத்தான் வந்தேன், முன்னால் போன கார்தான் திடீரென்று நின்றது' என்று எழுதுகிறவன் எவ்வளவு வேகத்தில் வந்திருப்பான் என்று எனக்குத் தெரியும். ஓட்டக் குறிப்புகளும் அதே ரகம்தான். 'தடையில் இடறியது, பிறகு களைத்தது' என்று இருந்தால், இடறியதனால் களைத்ததா, களைத்ததனால் இடறியதா என்று பார்க்கவேண்டும். முதலாவது என்றால் மன்னிக்கலாம். இரண்டாவது என்றால் அந்தக் குதிரைக்கு அந்தத் தூரம் சரிவராது.

அவராகத் தெரிவு செய்தால் எப்போதும் ஆகக் கூடிய பாரம் சுமக்கும் குதிரையைத்தான் பிடிப்பார். "பாரம் கூடக் குடுத்திருக்கிறாங்கள் எண்டா அதுதானே திறமான குதிரை" என்பார். கொழும்புப் பந்தயக் கடையில் அவர் படித்த பாடம் அது ஒன்றுதான். குதிரையின் நெற்றியில் வெள்ளை இருந்துவிட்டால் இன்னும் பிடிக்கும். அப்படி அவர் எனக்கு மட்டும் சொன்ன குதிரைகள் பெரும்பாலும் பின்னால் வரும் அம்புலன்ஸுக்குத் துணையாக வீடு வந்து சேர்ந்தவை.

எனக்குக் கோபம் இல்லை என்றால் அது பொய். நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு சனிக்கிழமை, அந்த மூன்று பேருக்கும் முன்னால், 'இது இவ சொன்ன குதிரை' என்று அவர் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. ஒருமுறை தேநீர்த் தட்டோடு கீழே இறங்கியபோது, எல்லாரும் தலையில் தூக்கிவைத்து ஆடிய ஒரு குதிரையைப் பார்த்து, "உது அடுத்த தடையோட சரி" என்றேன். தட்டை மேசையில் வைப்பதற்குள் அது விழுந்தது. குதிரைக்கும் ஓட்டியவனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாஸ்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணையோட இருந்து இருந்து அக்காவுக்கும் கொஞ்சம் ஒட்டிப்போட்டுது."

என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். அன்று மத்தியானம் கறிக்கு உப்புப் போடாமல் விட்டேன். அதையும் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார்.

போன ஐப்பசியில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. செத்தவீட்டில் அந்த மூன்று பேரும் என் கூடப்பிறந்தவர்கள் போல நின்றார்கள், அதை நான் மறுக்கமாட்டேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை அவர்கள் வீடுகளிலிருந்து மாறி மாறிச் சாப்பாடு வந்தது. அது முடிந்த பிறகு வந்த முதல் சனிக்கிழமை நான் பேஸ்மென்றைக் கூட்டித் துடைத்து, கேத்திலில் தண்ணீரும் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. அடுத்த சனியும் வரவில்லை. ஒஷாவாக்காரருக்குப் போன் எடுத்தேன்.

"இல்லையக்கா, வருசம் திரும்பி ஆட்டைத் திவசம் முடியுமட்டும் உங்கட வீட்டில நாலு பேர் கூடிக் கத்திச் சிரிக்கிறது சரியில்லைத்தானே. சனம் என்ன சொல்லும்? நாங்கள் இஞ்ச எங்கட வீட்டில பாக்கிறம்" என்றார்.

"அப்ப உங்களுக்குத் துக்கம் இல்லையோ?"

"என்னக்கா அப்பிடிக் கேக்கிறியள்? அண்ணையை நினைக்காத சனிக்கிழமையே இல்லை."

அவர்களுடைய துக்கம் ஒஷாவாவுக்குப் போகும் ஹைவேயில் ஏஜாக்ஸ் தாண்டியதும் காரிலிருந்து இறங்கிவிடும் போலிருக்கிறது. என்னுடையதுதான் ஒரு வருடம் மில்லிக்கனில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கவேண்டும். கோயில் இல்லை, பொங்கல் இல்லை, கலியாணவீடு இல்லை என்பது எனக்கும் தெரியும். அதில் ஒன்றையும் நான் மீறவில்லை. ஆனால் குதிரை ஓட்டம் எந்தச் சாத்திரத்தில் வருகிறது என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. செத்தது என் புருஷன். சனிக்கிழமையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

மாசி மாதத்தில் இங்கிலாந்தின் வடக்கே நான்கு மைலுக்கு மேல் ஓடும் ஒரு ஓட்டம் இருக்கிறது. எங்கள் பேஸ்மென்றில் அதுதான் வருடத்தின் பெரிய நாள். அது நெருங்கியபோது மறுபடியும் ஒஷாவாவுக்குப் போன் எடுத்து, இந்த முறை நானும் வருகிறேன் என்றேன்.

"வாங்கோக்கா, அதுக்கென்ன? என்ர மனுசியும் தனியத்தான் இருப்பா. மேல அவவோட கதைச்சுக்கொண்டிருக்கலாம்."

மேலே என்ற சொல்லைக் கேட்டும் கேளாதது போல விட்டேன். நான் போவது கீழே உட்காருவதற்கு. என் வீட்டுக்காரர் போய்விட்டார், இனி அந்த முன்னோட்டத்தைச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை. என் வாயால், என் குதிரையை, அந்த மூன்று பேருக்கும் முன்னால் நானே சொல்வதென்று முடிவெடுத்திருந்தேன்.

அந்த வாரம் முழுவதும் குறிப்புகளைக் குடைந்தேன். ஓடப்போகும் கூட்டத்தில் நான்குதான் கணக்கில் எடுக்கக்கூடியவை. முதலாவது மாப்பிளை. ஆகக் கூடிய பாரம் அதற்குத்தான். நெற்றியில் வெள்ளை, பளபளவென்ற உடம்பு, போட்டோவுக்கு நிற்பதற்கென்றே பிறந்தது. கார்த்திகையில் ஒரு நல்ல ஓட்டத்தை வென்றிருந்தது. ஆனால் அது மூன்று மைல், காய்ந்த தரை. வென்ற குற்றத்துக்குப் பாரத்தை ஏற்றிவிட்டார்கள். இந்த ஓட்டம் நடக்கும் திடலிலோ ஒரு கிழமையாக விடாத மழை. அந்தப் பாரத்தோடு சேற்றில் நாலாவது மைலுக்கு வரும்போது மாப்பிளைக்குத் தாலி கட்டவும் தெம்பு இருக்காது.

அடுத்தது பென்ஷனியர். வயது போன குதிரை, இதே ஓட்டத்தை முன்னர் வென்றது. தடை தாண்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பாரமும் வருடா வருடம் குறைந்துகொண்டு வந்திருக்கிறது. ஆனால் இந்தக் குளிர்காலத்தில் ஓடிய போதெல்லாம், பாதியில் காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு, எனக்கு இது போதும் என்று நின்றுவிட்டார். கால் இருக்கிறது, மனம் இல்லை. அதைப் பாரம் குறைத்துச் சரிக்கட்ட முடியாது.

பிறகு ஒரு பெட்டைக் குதிரை. மிக இலேசான பாரம், சேறும் பிடிக்கும், தூரமும் ஓடும். என் மனம் முதலில் அதில்தான் போனது. ஆனால் வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. அது ஒவ்வொரு தடையையும் வலது பக்கமாகச் சாய்ந்து தாண்டுகிறது. இந்தத் திடல் இடது பக்கம் வளைகிறது. தாண்டும்போதெல்லாம் வெளியே போய்ப் போய் உள்ளே வரவேண்டும். நாலு மைலில் அந்த வீண் ஓட்டமே அதைத் தின்றுவிடும்.

கடைசியில் கிளாக்கர். ஒருநாளும் விழாது, ஒருநாளும் வெல்லாது. ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ வந்து, கந்தோர் குமாஸ்தா போலக் கையெழுத்து வைத்துவிட்டுப் போய்விடும். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். ஆனால் அதன் குறிப்புகளின் கடைசியில் எல்லா இடத்திலும் ஒரே வாசகம்: முடிவில் நெருங்கியது. மூன்று மைல் ஓட்டத்தில் எப்போதும் முடிவில் நெருங்குகிற குதிரைக்கு என்ன வேண்டும்? இன்னும் ஒரு மைல் வேண்டும். அதை ஒருவரும் அதற்குக் கொடுத்துப் பார்க்கவில்லை. தோற்கத் தோற்கப் பாரமும் இறங்கியிருக்கிறது. பாரம் தீர்மானிக்கிறவர் அதைச் சோம்பேறி என்று நினைத்துவிட்டார். அது மெதுவான குதிரை. சோம்பலும் மெதுவும் வேறு வேறு என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

இதையெல்லாம் கண்ணாடிக்கு முன்னால் நின்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். வெட்கமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது.

சனிக்கிழமை காலை பனி கொட்டியது. ஹைவேயில் எல்லாரும் ஊர்ந்தார்கள், நான் போய்ச் சேரச் சுணங்கிவிட்டது. கதவைத் திறந்த ஒஷாவாக்காரரின் மனைவி என்னைக் கட்டிப்பிடித்து, மேற்சட்டையை வாங்கி மாட்டி, நேரே அடுக்களைக்குக் கூட்டிக்கொண்டு போனார். "முதல் சாப்பிடுங்கோ அக்கா, அவை கீழ கத்திக்கொண்டிருக்கட்டும்" என்று இடியப்பத்தைப் போட்டார். கீழிருந்து அவருடைய கணவரின் குரல் படியால் ஏறி வந்தது. முன்னோட்டம் தொடங்கிவிட்டது.

"அண்ணை எப்பவும் சொல்லுறவரெல்லே, இடறினதால களைச்சுதோ, களைச்சதால இடறினதோ எண்டு பாக்கோணும் எண்டு."

"அண்ணையின்ர மூளை மூளைதான்" என்றது மாஸ்டரின் குரல்.

இடியப்பத் தட்டைத் தள்ளி வைத்தேன். என் வசனம். நான் வெள்ளிக்கிழமைகளில் காய்கறி வெட்டிக்கொண்டு சொன்ன வசனம், இப்போது செத்தவரின் பொன்மொழியாகிவிட்டது. கையைக் கழுவிவிட்டுக் கீழே இறங்கினேன். என்னைக் கண்டதும் மூவரும் எழுந்தார்கள். ரீவிக்கு நேரே ஒரு நல்ல சாய்கதிரை காலியாக இருந்தது. அதில் என் வீட்டுக்காரரின் படத்தைச் சாய்த்து வைத்து, முன்னால் ஒரு ரோல்ஸும் வைத்திருந்தார்கள்.

"அண்ணைக்கு எண்டு விட்டிருக்கிறமக்கா" என்றார் லொறிக்காரர். கண் கலங்கியிருந்தது. செத்தவருக்குக் கதிரை இருந்தது. எனக்கு லொறிக்காரர் மேலே ஓடிப்போய் அடுக்களையிலிருந்து ஒரு ஸ்ரூல் கொண்டுவந்தார்.

நான் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் ஒண்டு சொல்லோணும்" என்று தொடங்கினேன்.

"பொறுங்கோக்கா" என்றார் ஒஷாவாக்காரர். "முதல் நாங்கள் ஒண்டு கேக்கிறம். மூண்டு பேரும் குழம்பிப்போய் இருக்கிறம். அண்ணை இருந்திருந்தா இண்டைக்கு எதைச் சொல்லியிருப்பார்?"

மூன்று பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். இத்தனை வருடத்தில் அந்தக் கூட்டம் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. அதையும் அவருக்காகத்தான் கேட்டார்கள்.

"அவர் என்னைத்தான் கேட்டிருப்பார்" என்றேன். "எப்பவும் என்னைத்தான் கேக்கிறவர். இவ்வளவு காலமும் நீங்கள் இருந்து கேட்டது முழுக்க நான் சொல்லிக் குடுத்தது."

மாஸ்டர் மெல்லச் சிரித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். "அண்ணை அக்காவில அப்பிடி அன்பு. எல்லாத்திலயும் அக்காவைச் சேர்த்துக்கொண்டுதான்."

"ஓமோம்" என்று லொறிக்காரர் தலையை ஆட்டினார். "எண்டாலும் அக்கா, அண்ணைக்கு எது பிடிச்சிருக்கும்? சும்மா மனசில படுறதைச் சொல்லுங்கோ."

உடம்பெல்லாம் எரிந்தது. இவர்களுக்கு நான் வேண்டாம், அவர்தான் வேண்டும். சரி, அவரையே தருகிறேன் என்று நினைத்தேன்.

"மாப்பிளை" என்றேன். "அவர் மாப்பிளையைத்தான் சொல்லியிருப்பார்."

சத்தியமான பதில். அந்த மனிதர்களுக்கு வாழ்க்கையில் முதன்முறையாக அண்ணை உண்மையில் விரும்பும் குதிரை கிடைத்தது. "பாத்தியளே, நான் அப்பவே நினைச்சனான்!" என்று ஒஷாவாக்காரர் தொடையில் தட்டினார். மூவரும் ஒற்றுமையாக மாப்பிளையின் பக்கம் போனார்கள். உங்களுக்கு எது வேண்டும் என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. அதற்குள் ஓட்டமும் தொடங்கிவிட்டது.

மாப்பிளை முதலிலிருந்தே முன்னால் போனது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பாதித் தூரத்தில் பென்ஷனியர் காதை மடித்தார், நின்றார். பெட்டை தடைக்குத் தடை வலது பக்கம் போய்ப் போய் வந்து பின்தங்கியது. கிளாக்கர் எங்கே என்று ரீவிக்காரன் காட்டவும் இல்லை. நாலாவது மைலில் சேறு தெறித்துக் குதிரைகளின் வயிற்றைத் தொட்டபோது, மாப்பிளையின் தலை கீழே போகத் தொடங்கியது. "வரும், வரும், அண்ணை சொன்ன குதிரை" என்று லொறிக்காரர் சொல்லிக்கொண்டிருக்கையில், ஓட்டியவன் கடிவாளத்தை இழுத்து ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டான்.

அப்போதுதான் திரையின் ஓரத்தில் கிளாக்கர் தெரிந்தது. அவசரம் இல்லை, களைப்பும் இல்லை. நின்றுபோகிற குதிரைகளை ஒவ்வொன்றாகக் கடந்து வந்தது. கடைசித் தடையைத் தாண்டும்போது அதற்கு முன்னால் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. நான் ஸ்ரூலை விட்டு எழும்பிவிட்டேன். "வா! வா! வா!" என்று கத்தினேன். புருஷன் செத்து வருடம் திரும்பவில்லை, இன்னொருவர் வீட்டு பேஸ்மென்றில் நின்று கையைத் தட்டித் தட்டிக் கத்தினேன். கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் கிளாக்கர் அதை எட்டிப் பிடித்து, ஒரு கழுத்து முந்திக்கொண்டு போனது.

சந்தோசத்தோடு திரும்பினேன். ஒருவரும் ரீவியைப் பார்க்கவில்லை. மூன்று பேரும் பயந்துபோய் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அக்கா, இருங்கோ, இருங்கோ" என்று லொறிக்காரர் தோளைப் பிடித்தார்.

"மாப்பிளை நிண்டவுடன அக்காவுக்கு அண்ணையின்ர ஞாபகம் வந்திட்டுது" என்றார் மாஸ்டர்.

ஒஷாவாக்காரர் படியடியில் நின்று மனைவியைக் கூப்பிட்டார். "இஞ்ச ஓடி வாரும். நான் அப்பவே சொன்னனானெல்லே, அக்கா தாங்கமாட்டா எண்டு."

"கிளாக்கர்தான் என்ர குதிரை" என்றேன். "நான் எடுத்தது கிளாக்கரை."

"ஓமக்கா, ஓம்" என்று மாஸ்டர் குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். "நீங்கள் மாப்பிளையைச் சொன்னனீங்கள். அது பரவாயில்லை."

உண்மைதான். என் வாயிலிருந்து வந்தது மாப்பிளைதான். கிளாக்கரை எடுத்தது நான் என்று சொன்னால் நம்பியிருக்கக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். என் சொல்லை எல்லாம் தன் சொல்லாக விற்றுப் பெயர் வாங்கிய அதே மனிதர். அவர் வாயைத் திறக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார். இனி நான் எத்தனை குதிரையைச் சரியாகச் சொன்னாலும் அது அவருடைய குதிரைதான், அல்லது என்னுடைய துக்கம். அவர்மேல் வந்த ஆத்திரம் எனக்குத் தாங்கவில்லை. நெஞ்சு வெடிக்க அழுதேன். ஒஷாவாக்காரரின் மனைவி ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து, "அழுங்கோ அக்கா, நல்லா அழுங்கோ. அப்பிடி ஒரு மனுசனை நினைச்சு அழாமல் இருக்கேலுமோ?" என்றார்.